நாற்பதா, அறுபதா: ஒரு கங்காணி ஏடும் ஒரு பழைய நுணுக்குக்காட்டி விளக்கும்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணியாக, அதாவது தமிழ்நாட்டிலிருந்து ஆள் கூட்டிவந்து முன்பணம் கொடுத்து வேலை வாங்குபவராக, இருந்தவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து பற்றுவரவு ஏடு ஒன்று வெளியே வந்தது. நெட்டுவாக்கில் மடித்துத் தைத்த கணக்குப் புத்தகம். முதுகுத் தோல் பொடியாக உதிர்கிறது, ஓரங்களை இராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது, தாள் முழுக்கப் பழுத்துவிட்டது. கங்காணியின் பேரன் அதை, மலையகத்துப் பழைய தாள்களைத் தேடி மின்பிரதி எடுத்துவரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடம் ஒப்படைத்தார். சேதி பரவியதும் அதே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) தலைமுறைகளாக இருக்கும் இன்னொரு குடும்பம் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டது.

"எங்க பாட்டன் வாங்குனது நாப்பது ரூவா. ஏட்டுல ஏறுனது அறுவது. இது எங்க வீட்டுல சின்னப் புள்ளைக்கும் தெரியும், டீச்சர்."

டீச்சர் அந்தப் பாட்டன் பெயர் உள்ள பக்கத்தைத் தேடி எடுத்தார். 'வழிச்செலவு முன்பணம்' என்ற வரியில் ௬௰ என்று இருந்தது. ௬ ஆறு, ௰ பத்து, ஆக அறுபது. எழுத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் தமிழ் இலக்கம் தெரிந்தவர்களுக்கு ஒன்று உடனே உறைக்கும். ௪ என்பது 'ச' வடிவம், ௬ என்பது 'சு' வடிவம். கீழே ஒரு வால் இழுத்தால் நாலு ஆறாகிவிடும், ௪௰ ௬௰ ஆகிவிடும். வேறெதையும் அழிக்கத் தேவையில்லை. டீச்சர் என்னைக் கூப்பிட்டது இதற்காகத்தான். நான் கருவி பழுது பார்ப்பவன். பழைய ஆய்வுகூட விளக்குகளைச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது என் பைத்தியம்.

இருபது ரூபாய்க்கு ஏன் இத்தனை தலைமுறைக் கோபம் என்று கேட்பவர்கள் துண்டு முறையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தொழிலாளி கங்காணிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டுத்தான் துண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனை அங்குள்ளவர் கட்டி எடுக்க வேண்டும். கடன் தொகை கூடினால் கால் கட்டப்பட்டது என்று அர்த்தம். 1921இல் அந்த முறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். நம் ஏடு அதற்கு முந்தியது.

விளக்கு

ஏட்டைப் பார்க்கப் பயன்பட்டது ஹற்றனில் ஒரு பழைய இரும்புக் கடையில் நான் வாங்கிய நுணுக்குக்காட்டி விளக்கு, அதாவது மைக்ரஸ்கோப்புக்கு வெளிச்சம் விடும் விளக்கு. தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் கழித்துப் போட்ட சாமான்களோடு வந்தது. கனத்த வார்ப்பிரும்பு அடி, கறுப்பு எனாமல், எந்தப் பக்கமும் சாய்க்கக்கூடிய தலை. தலைக்குள் 6 வோல்ட், 5 அம்பியர், 30 வாட் மின்குமிழ். அதற்கு முன்னால் முன்னும் பின்னும் நகரும் குவிவில்லை, வாயில் விரியவும் சுருங்கவும் செய்யும் ஐரிஸ், வடிகண்ணாடி செருக ஒரு காடி. பெயர்த்தகடு உதிர்ந்துவிட்டது. வெட்ஸ்லாரின் லைட்ஸ், ஜெனாவின் ஸைஸ், லண்டனின் வாட்சன் என்று பல கம்பனிகள் இந்த மாதிரியில் விளக்குகள் செய்தன. அமைப்பில் எல்லாம் ஒரே வம்சம்.

அந்த வம்சத்துக்கு மூலவர் ஓகஸ்ட் கோலர். 1893இல் அவர் வெளியிட்ட ஒளியூட்டும் முறைதான் விளக்குக்கு இந்த வில்லையையும் ஐரிஸையும் கொடுத்தது. இழையின் உருவம் பொருளின் மேல் விழாமல் நுணுக்குக்காட்டியின் ஒடுக்கியில் (பொருளின் மேல் ஒளியைச் சேர்த்து விடும் வில்லைத் தொகுதியில்) விழ வேண்டும், விளக்கு வாயிலுள்ள ஐரிஸின் உருவம் பொருளின் மேல் விழ வேண்டும். அப்போது பார்க்கும் வட்டம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் பரவும். தேவையில்லாத இடத்தில் ஒளி சிதறாது. படம் பிடிக்க அவருக்கு அது வேண்டியிருந்தது. நமக்கு அதில் வேறொரு லாபம் இருக்கிறது, வருகிறேன்.

மலைநாட்டில் இப்படிப்பட்ட விளக்குகள் அகப்படுவது ஆச்சரியமில்லை. இந்த மலைகளின் சரித்திரத்தில் நுணுக்குக்காட்டிக்குப் பங்கு உண்டு. கோப்பியை அழித்த இலைத்துரு 1869இல் தலைகாட்டியது. அதை ஆராய மார்ஷல் வார்டு 1880இல் இலங்கைக்கு வந்து இரண்டு வருஷம் இருந்தார். அந்தக் காலத்து வேலை நுணுக்குக்காட்டியின் அடியிலுள்ள முகக்கண்ணாடியைத் திருப்பிப் பகல் வெளிச்சத்தைப் பிடித்தோ எண்ணெய் விளக்கை வைத்தோதான். 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தோட்டங்களுக்குள் வந்தது. கொக்கிப்புழு முட்டையைக் கண்ணால் காண நுணுக்குக்காட்டி வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் ஏற்பட்டது, இன்றும் தலவாக்கலை சென் கூம்ஸில் இருக்கிறது. 1946இல் தேயிலையில் கொப்புள நோய் வந்தபோது மறுபடி பூஞ்சண வித்துகளை எண்ண வேண்டிய காலம். நம்முடைய மழைக்காலத்துப் பிற்பகலில், பனிமூட்டம் ஜன்னலுக்குள் வந்துவிட்ட பிறகு, கண்ணாடியைத் திருப்பிப் பகலைப் பிடிக்க முடியுமா? விளக்கு வேண்டும்.

ஓட்டத்துக்குக் கொண்டுவந்தது

இந்த வயதுள்ள விளக்கை வாங்கியதும் பிளக்கில் செருகிப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம். இதன் தலைக்குள் ஓடிய கம்பிகளுக்கு வெள்ளைப் பஞ்சு போன்ற உறை. சூட்டைத் தாங்குவதற்காக அந்தக் காலத்தில் போட்ட அஸ்பெஸ்டஸ். உலர்ந்து பறக்கும் நிலையில் இருந்தது. முகமூடியும் கையுறையும் போட்டு, தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்த பிறகே அதை வெட்டி எடுத்து, இரட்டைப் பொலித்தீன் பையில் கட்டி வைத்தேன். பதிலுக்கு சிலிக்கன் உறைக் கம்பி. உலோக உடம்புக்கு எர்த் இல்லை, பிளக்கோ இரண்டு முனை. மூன்று கம்பி வயரும் 13 அம்பியர் சதுர முனை பிளக்கும் போட்டு, அடியிலேயே எர்த் திருகு வைத்தேன்.

கூட வந்த டிரான்ஸ்ஃபோமரை மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்ததில் காப்பு மிகவும் இறங்கியிருந்தது. மலைநாட்டு ஈரம் சுருளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. உலர்த்தித் தேற்றலாம் என்று சொல்பவர்கள் உண்டு. மக்கள் வந்து குனிந்து பார்க்கப் போகிற விளக்கு. புதிதாகச் சுற்றிய 6 வோல்ட் டிரான்ஸ்ஃபோமரைக் கண்டியிலிருந்து எடுத்தேன், பழையதைக் காட்சிக்கு வைத்துக்கொண்டேன்.

வில்லையில் பூஞ்சணம் வலை பின்னியிருந்தது. மலையகத்தில் எந்த வில்லைக்கும் வரும் வியாதி. துடைத்த பிறகும் கண்ணாடியில் அரித்த தடம் இருக்கிறது. கமரா வில்லையானால் அழலாம், விளக்கின் குவிவில்லையில் அது ஒன்றும் செய்யாது. குமிழை 5 வோல்ட்டில்தான் ஓட்டுகிறேன். வெளிச்சம் ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் குமிழின் ஆயுள் எட்டொன்பது மடங்கு நீளும். இந்த வகைக் குமிழ் இப்போது கிடைப்பது அரிது.

இங்கே ஒரு கேள்வி வந்தது. "எல்ஈடி போட்டுட்டா சூடும் இல்லை, கரண்டும் மிச்சம், ஏன் அண்ணே பழைய பல்பையே கட்டிக்கிட்டு அழுவுறீங்க?" என்று டீச்சருக்கு உதவி செய்யும் தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். நுணுக்குக்காட்டி வேலைக்கு மட்டும் என்றால் நானும் மாற்றியிருப்பேன். ஏட்டுக்கு மாற்றாததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, குவிவில்லையை நகர்த்தி இந்தச் சின்ன இழையின் ஒளியைக் கிட்டத்தட்ட இணைக்கற்றையாக வெளியே விடலாம், ஐரிஸால் அதைப் பென்சில் அகலத்துக்குச் சுருக்கலாம். கைப்பேசி டோர்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கிட்டே கண் கூசும், எட்ட இருட்டு, நிழல்கள் விசிறியாகப் பிரிந்து போகும். இணைக்கற்றை தாளை 10 பாகை சாய்வில் தடவிக்கொண்டு போனால் மயிரிழை மேடும் பள்ளமும் ஒரே திசையில் ஒரே அளவு நிழல் விடும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஏறத்தாழ 2800 கெல்வினில் எரியும் டங்ஸ்டன் இழை வெளிவிடும் சக்தியின் உச்சம் 1000 நானோமீற்றரை ஒட்டி, செங்கீழ்க் (அகச்சிவப்பு) கதிரில் இருக்கிறது. வெள்ளை எல்ஈடியில் அந்தப் பகுதி அநேகமாக இல்லை. வெளிச்சத்துக்காக வாங்கிய விளக்கில் வீணாகப் போகும் சூடு என்று எல்லோரும் திட்டும் அதே சமாசாரம்தான் இந்த வழக்கைத் தீர்த்தது.

சூட்டுக்கும் கணக்கு வேண்டும். சாதாரணமாகப் பார்க்கும்போது சூடு தடுக்கும் கண்ணாடியைக் காடியில் செருகி, விளக்கை எட்ட வைத்து, பார்க்கும் நேரம் மட்டும் எரியவிட்டோம். ஒளி தாளுக்குச் செய்யும் சேதம் சேர்ந்துகொண்டே போவது, நேரத்தாலும் பெருகும். காட்சியில் வைக்கும் தாளுக்கு 50 லக்ஸ் என்று நூதனசாலைகள் வைத்திருக்கும் வரம்பைச் சில நிமிஷம் மீறலாம், மறந்துபோய் விளக்கை எரியவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகக்கூடாது.

முதற் பக்கம்

அந்தப் பக்கத்தில் இருந்தவை இவ்வளவுதான்: வழிச்செலவு முன்பணம் ௬௰, அரிசி ௨௰, தீபாவளி முன்பணம் ௰௫, கம்பளி ௮. கீழே மொத்தம் ௱௩. அதாவது 60, 20, 15, 8, ஆக 103. ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சின்னச் சரி அடையாளம்.

எழுதிய மை பழுப்பு. அன்னபேதி என்ற இரும்பு உப்போடு கடுக்காயோ மாசிக்காயோ சேர்த்த இரும்பு மையின் முதுமை நிறம் அது. எழுதும்போது கறுப்பாக இருந்து வருஷக்கணக்கில் பழுப்பாகும். ௬இன் வால் மட்டும் கொஞ்சம் சாம்பல் பாய்ந்ததாக டீச்சருக்குப் பட்டது, எனக்குப் பட்டும் படாமலும் இருந்தது. பழுத்த தாளில் நிறத்தை நம்பி எதையும் சொல்லிவிடக் கூடாது.

முதலில் கழியூதா, அதாவது புற ஊதா ஒளி. இதற்குப் பழைய பாதரச விளக்குகள் என்னிடம் உண்டு, எடுக்கவில்லை. 365 நானோமீற்றர் எல்ஈடி டோர்ச்சும் அதன் முன்னால் கறுப்பு வடிகண்ணாடியும் போதும். ரொபர்ட் வுட் 1903இல் நிக்கல் ஒட்சைட்டு கலந்து செய்த கண்ணாடி செய்த வேலையை இன்று மலிவான கண்ணாடி செய்கிறது. காசுநோட்டு பார்க்க விற்கும் 395 நானோமீற்றர் டோர்ச்சை வாங்கிவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்பவர்கள் அதிகம். அதில் கசியும் ஊதா வெளிச்சமே மங்கலான ஒளிர்வை மூடிவிடும். கிருமி கொல்லும் குழாய் விளக்கைக் கழியூதா விளக்கு என்று விற்பார்கள், அது கண்ணைக் கெடுக்கும். எந்தக் கழியூதாவானாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் பார்க்கவேண்டாம்.

தாள் மந்தமாகவே ஒளிர்ந்தது. 1950 அளவிலிருந்து தாளில் பரவலாகச் சேரத் தொடங்கிய வெண்மையூட்டி இருந்திருந்தால் பளீரென்று நீலம் அடித்திருக்கும். அட்டையில் பிற்காலத்தில் ஒட்டிய பெயர்ச்சீட்டு அப்படித்தான் அடித்தது. ஆக, ஏடு பழசு என்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் ௬இன் உடம்பும் வாலும் ஒருபோலவே கறுத்து நின்றன. வழக்குக்கு ஒன்றும் அகப்படவில்லை.

பிறகு பள்ளிக்கூட ஸ்டீரியோ நுணுக்குக்காட்டியை 20 மடங்கில் வைத்து, ஹற்றன் விளக்கைத் தாளோடு தாளாகச் சாய்த்தோம். முள்ளுப்பேனா அழுத்தி எழுதும்போது முள்ளின் இரு பிளவும் விரிந்து இரண்டு வரிப்பள்ளம் விடும். முன்பின் பக்கங்களில் இதே கை எழுதிய ௬ எல்லாவற்றிலும் அந்த இரட்டைப் பள்ளம் மேலிருந்து வால் வரை அறுபடாமல் ஓடுகிறது. இந்த ௬இல் 'ச' முடிகிற இடத்தில் பள்ளம் நின்றுவிட்டது. வால் தனியாக, மெல்லிய ஒற்றைக் கீறலாக, சற்றுத் தள்ளி ஆரம்பிக்கிறது. பேனா தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது. பேனாவும் வேறு.

கடைசியாகச் செங்கீழ்க் கதிர். கழித்த வெப் கமரா ஒன்றின் உள்ளிருந்த செங்கீழ் தடுக்கும் கண்ணாடித் துண்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதில் கழுவிய கலர் நெகட்டிவ்வின் கரிய முனையை வெட்டிப் போட்டோம். அந்தக் கரிய பிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியை நிறுத்தி, செங்கீழ்க் கதிரை விட்டுவிடும். காசு செலவில்லாத வடிகட்டி. விளக்கிலிருந்த சூடு தடுக்கும் கண்ணாடியை இப்போது எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டிய கதிரே வெளியே வராது. இரும்பு மை இந்தக் கதிரில் மங்கும், முற்றாக மறைய இன்னும் நீண்ட அலை வேண்டும். அனிலின் சாயத்தால் செய்த ஊதா, நீல மைகளோ சுத்தமாக மறைந்துவிடும்.

திரையில் வால் இல்லை. ௪௰ என்று நின்றது.

வந்திருந்த குடும்பத்தில் மூத்தவர், "பாத்தியா, எங்க அப்பாயி பொய் சொல்லல" என்றார். கங்காணியின் பேரன் ஒன்றும் பேசவில்லை. அங்கேயே நிறுத்தியிருந்தால் ஊர் முழுக்கத் தீர்ப்புப் பரவியிருக்கும். டீச்சர்தான், "கூட்டிப் பாருங்க" என்றார்.

கூட்டினால் நாற்பதுக்கு 83 வரவேண்டும். கீழே இருப்பது 103. ௮௰௩ என்பதை ௱௩ ஆக்க வால் இழுத்தால் போதாது, சுரண்டி அழித்து எழுதவேண்டும். அந்த இடத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாப் பக்கமிருந்தும் பார்த்தோம். தாளின் மேற்பரப்பு கலையவே இல்லை. பின்னாலிருந்து ஒளி விட்டுப் பார்த்தோம், மெலிந்த இடம் இல்லை. மை இரும்பு மை, முள் அதே இரட்டைப் பள்ளம். மொத்தம் எழுதியவர் முதலிலிருந்தே அறுபதை வைத்துத்தான் கூட்டியிருக்கிறார். வரியில் நாற்பது என்று எழுதியது அவருடைய கைப்பிசகு.

வால் யார் போட்டது? செங்கீழ்ப் படத்தில் வாலோடு சேர்ந்து மறைந்த இன்னொன்று இருந்தது: ஓரத்துச் சரி அடையாளங்கள். அத்தனையும் போய்விட்டன. ஏட்டைச் சரிபார்த்து வந்தவர், அநேகமாகக் கணக்கப்பிள்ளை, மொத்தத்தோடு வரி ஒத்துவராததைக் கண்டு தம் கையிலிருந்த சாய மையால் வாலைப் போட்டிருக்கிறார் என்பது என் முடிவு. இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. பாட்டன் கையில் இந்தியக் கரையில் மண்டபம் முகாமிலோ இங்கே தோட்டத்திலோ உண்மையில் எண்ணிக் கொடுத்த காசு எவ்வளவு என்பது வேறு கேள்வி. எழுதியவர் மனத்தில் அறுபது இருந்தது என்பதற்கு மேல் தாள் பேசாது.

எதிர்ப்பக்கம்

இந்தப் பக்கத்தைப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை. விளக்கு சாய்ந்தபடியே இருந்ததால் ஏடு விரிந்திருந்த எதிர்ப்பக்கத்தின் அடியில் ஒரு திட்டு சொரசொரத்துத் தெரிந்தது. அவ்வளவுதான் தொடக்கம்.

அதே குடும்பத்தின் அடுத்த கணக்கு: முன்பாக்கி ௱௩, கம்பளி ௬, சட்டி பானை ௨, மொத்தம் ௱௰௧. கூட்டல் சரி. 111. ஆனால் மொத்தத்தில் ௰௧ நிற்கும் இடத்தில் தாளின் நார் எழும்பி நிற்கிறது. பின்னொளியில் அங்கே மட்டும் தாள் மெலிந்து வெளிச்சம் கூடுதலாகக் கசிந்தது. கத்தி முனையால் சுரண்டிய வேலை. சுரண்டினால் தாளின் பசைப்பூச்சு போய்விடும், அதன் மேல் எழுதும் மை ஊறிப் படரும். ௰௧ இரண்டும் ஓரம் கலங்கிப் படர்ந்திருந்தன, பக்கத்து ௱ கூர்மையாக இருந்தது.

முதற் பக்கத்தில் கைவிட்ட கழியூதா இங்கே கைகொடுத்தது. சுரண்டினாலும் இரும்பு நாருக்குள் இறங்கியது முழுக்கப் போகாது, 365இல் அது கறுப்பு நிழலாகத் தெரியும். ௰௧இன் அடியில் 'கூ' போன்ற ஒரு வளைவு எழும்பியது. ௯. பழைய மொத்தம் ௱௯, 109. அப்படியானால் வரிகளில் எங்கோ இரண்டு ரூபாய் கூடியிருக்க வேண்டும். கம்பளி ௬ஐப் போய்ப் பார்த்தோம். முள்பள்ளம் 'ச'வோடு அறுபட்டு, வால் தனியாக ஆரம்பிக்கிறது. இங்கே வால் இரும்பு மை, செங்கீழ்ப் படத்தில் மறையவில்லை. ௰௧இல் உள்ள மையேதான்.

நாலு ரூபாய்க் கம்பளி ஆறாகியிருக்கிறது. மொத்தமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டிருக்கிறது. விலை பிழையாக விழுந்து பிறகு நியாயமாகத் திருத்தியிருக்கலாமே என்று கங்காணியின் பேரன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. இந்த ஏட்டில் பிழை திருத்திய வேறு இடங்கள் உண்டு. எல்லாவற்றிலும் ஒரு கோடு கிழித்து மேலே எழுதிப் பக்கத்தில் சரி போட்டிருக்கிறார்கள். சுரண்டல் இங்கே மட்டும்தான். இந்த வரிக்கு எதிரே சரி அடையாளமும் இல்லை. என் பார்வையில் இது மறைத்துச் செய்தது. யார் என்று விளக்கு சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். ஏடு பலர் கைக்கு எட்டிய இடத்தில் இருந்திருக்கும்.

இரண்டு ரூபாய் என்றால் சிரிப்பு வரலாம். 1929இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சக் கூலியே மலைநாட்டில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். ஏடு அதற்கும் முந்தியது. ஆக, கம்பளியின் வால் குறைந்தது ஏறக்குறைய நாலு முழுப் பேருக்கு, அதாவது நாலு முழு நாள் கூலிக்கு, சமம். மழையில் அரைப்பேர் (அரை நாள் கூலி) விழுந்த நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

பிறகு

குடும்பத்து மூத்தவர் முதற் பக்கத்து முடிவை ஏற்கவில்லை. "திரையில நாப்பது தெரிஞ்சுச்சா இல்லையா?" என்பது அவர் வாதம். மொத்தத்தை விரல் வைத்துக் கூட்டிக் காட்டிய பிறகும், "எழுதினவன் அறுவதுன்னு நெனச்சான், குடுத்தது நாப்பது" என்றார். அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. எதிர்ப்பக்கத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. அந்தக் கம்பளியைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. பேரனோ அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

டீச்சர் மின்பிரதியோடு ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். எந்தப் பக்கம், எந்த வரி, விளக்கு எந்தத் திசையிலிருந்து எத்தனை பாகைச் சாய்வு, எந்த வடிகட்டி, குமிழுக்கு எத்தனை வோல்ட் என்று ஒவ்வொரு படத்துக்கும் எழுதிவிட்டுக் கீழே 'கண்டது' என்றும் 'கருதுவது' என்றும் இரண்டாகப் பிரித்திருக்கிறார். கணக்கப்பிள்ளை வால் போட்டார் என்ற என் முடிவு இரண்டாவது பத்தியில் இருக்கிறது. சுரண்டிய ௯ முதல் பத்தியில். ஏட்டை அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வைத்திருக்கிறோம், ஜெல்லை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. சரி அடையாளமில்லாத வரிகள் ஏட்டில் இன்னும் சில உண்டு. குமிழ் தாங்கும் வரை ஒவ்வொன்றாகப் பார்ப்பதாக டீச்சரோடு பேசியிருக்கிறேன்.